முப்பத்தாறு படுக்கைகளும் ஒரு சார்ட்டும்: பெங்களூரு ஆம்னி பஸ் சீட்டு விற்பனை, ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி

வெள்ளிக்கிழமை இரவானால் மடிவாளாவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஒசூர் சாலையோரம் பெட்டியும் பையுமாகத் தமிழ்க் கூட்டம் நிற்கும். சேலம், மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், கோவை என்று கண்ணாடியில் ஊர்ப் பெயர் எழுதிய ஆம்னி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டி, ஆளை ஏற்றிக்கொண்டு நகரும். இந்த ஆய்வு அந்த வரிசையில் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறது. ஏ.சி. சிலீப்பர். ஒரு பக்கம் இரட்டைப் படுக்கை, மறுபக்கம் ஒற்றை. ஆறு வரிசை, மேல் கீழ் என இரண்டு அடுக்கு. ஆக மொத்தம் 36. கலாசிபாளையத்தில் இரவு 9 மணிக்குக் கிளம்பி, மறுநாள் காலையில் திருநெல்வேலி சேர வேண்டும். இது எந்தக் கம்பெனியின் வண்டியும் இல்லை. கணக்குப் போட்டுக் காட்ட வைத்துக்கொண்ட மாதிரி. கட்டணமும் ஏஜென்ட் எண்ணிக்கையும் அப்படித்தான். இதைச் சுற்றி வரும் ஆண்டுகளும் விதிகளும் மட்டும் நிஜம்.

வணிகத்தில் இணையம் என்ன செய்தது என்று பார்க்க ஆயிரம் தொழில் இருக்கிறது. பஸ் படுக்கையை எடுத்ததற்குக் காரணம், அது ஒரு விசித்திரமான சரக்கு. வண்டி ஒசூர் தாண்டிவிட்டால் விற்காத படுக்கை காற்றோடு போயிற்று. நாளைக்கு வைத்து விற்க முடியாது. ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்றுவிட்டால், கிடங்கிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கவும் வழியில்லை. புடவைக் கடைக்கு இந்தத் தொல்லை கிடையாது. எனவே வெறுமனே காட்டும் இணையதளத்துக்கும் பதில் சொல்லும் இணையதளத்துக்கும் உள்ள தூரம் இந்தத் தொழிலில் பளிச்சென்று தெரியும்.

சார்ட் யார் கையில்

இணையத்துக்கு முன்னால் ஒரு நடைக்கு ஒரு தாள். படுக்கை அமைப்பைக் கட்டங்களாக அச்சடித்த சார்ட் கம்பெனியின் தலைமைக் கவுன்டரில் மேஜை மேல் இருக்கும். பெயர், ஏறும் இடம், எந்த ஏஜென்ட் வழியாக வந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதுவார்கள். ஊரெங்கும் இருக்கும் ஏஜென்ட்டுகள் ஃபோன் போட்டு, “லோயர் சிங்கிள் ஏதாவது இருக்கா?” என்று கேட்க வேண்டும். கவுன்டரில் ஒருவர், ஃபோன் ஒன்றோ இரண்டோ, எதிரே நேரில் வந்து நிற்கும் பயணிகள் வேறு. பண்டிகை வாரத்தில் லைன் கிடைக்காது.

லைன் கிடைக்காததற்கு மாற்றாக வந்ததுதான் கோட்டா. நம் 36 படுக்கையில் 12 தலைமைக் கவுன்டருக்கு. மிச்சம் 24, ஆறு ஏஜென்ட்டுகளுக்கு ஆளுக்கு நான்கு என்று வைப்போம். அந்த நான்கை விற்க யாரையும் கேட்க வேண்டாம். இதில் வசதி இருந்தது. சேதமும் அதற்குள்ளேயே இருந்தது. மாரத்தஹள்ளி ஏஜென்ட் நான்கையும் விற்றுவிட்டு ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் அதே மாலை 5 மணிக்கு, ஸ்ரீராமபுரம் ஏஜென்ட்டிடம் மூன்று படுக்கை சும்மா கிடக்கும். ஒருவருக்கு மற்றவரின் நிலவரம் தெரியாது. 6 மணிக்கு மேல் விற்காத கோட்டாவைத் திருப்பிக் கொடுக்க ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலைமைக் கவுன்டரைக் கூப்பிடுவார்கள். திரும்பி வந்த படுக்கையைக் கேட்டும் அதே ஆறு பேர் கூப்பிடுவார்கள். கடைசியில் வண்டி மூன்று நான்கு காலிப் படுக்கையோடு கிளம்பும். வழியில் சில்க் போர்டு சந்திப்பில் கை காட்டுபவரை கிளீனர் ஏற்றிக்கொள்வார். அந்தக் காசு முதலாளியின் கணக்குக்கு வந்ததா என்பது தனிக் கதை.

திரும்பி வரும் டிக்கெட் இன்னும் மோசம். திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு வரும் வண்டியின் சார்ட் திருநெல்வேலியில் இருக்கும். தீபாவளி முடிந்து ஞாயிறு இரவு திரும்ப வேண்டியவர் ஊரில் இருக்கும் மாமாவிடமோ மச்சானிடமோ சொல்லி வைத்தால்தான் உண்டு.

எந்தக் கம்பெனி வண்டியில் போவது என்பதும் பெரும்பாலும் பயணியின் முடிவாக இருக்கவில்லை. ஏஜென்ட்டிடம் யாருடைய கோட்டா மிச்சம் இருக்கிறது, யார் கூடுதல் கமிஷன் தருகிறார்கள் என்பதே அதைத் தீர்மானித்தது. சார்ட்டைப் பார்க்கும் உரிமை யாரிடம் இருந்ததோ அவரிடமே வியாபாரமும் இருந்தது.

பலகையாக இருந்த தளங்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல். நாள் 1995 ஆகஸ்ட் 15. அடுத்த சில ஆண்டுகளில் டிராவல்ஸ் கம்பெனிகள் சிலவும் இணையதளம் போட்டன. பளபளக்கும் வண்டியின் படம், ஊர்களின் பட்டியல், கவுன்டர்களின் ஃபோன் எண்கள். கடை வாசலில் மாட்டியிருந்த பலகையைத் திரைக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது.

தொழில்நுட்பம் இல்லாததால் இப்படி என்று நினைக்கக் கூடாது. பயணி நிரப்பிய படிவத்தை வாங்கி, தளம் இருக்கும் கணினியான சர்வரில் ஒரு நிரலை ஓட்டி, விடையைப் பக்கமாகத் திருப்பித் தரும் சிஜிஐ என்ற ஏற்பாட்டை அமெரிக்காவின் கணினி ஆய்வு மையமான என்சிஎஸ்ஏ 1993லேயே கொண்டுவந்துவிட்டது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது; ஒவ்வொரு முறையும் நீங்கள் அதற்குப் புது ஆள். அதைச் சரிக்கட்ட 1994இல் உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மொன்டுலி குக்கியை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கன் மாதிரி: டோக்கனைக் காட்டினால் உங்கள் செருப்பு எது என்று தெரியும். 1995இல் அதே நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக், உலாவிக்குள்ளேயே ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டை எழுதினார். ஒரு படுக்கையை இணையத்தில் விற்கத் தேவையான கருவிகள் அநேகமாக எல்லாம் அந்த ஆண்டே கைக்கு வந்துவிட்டன.

இருந்தும் தளங்கள் செய்ததெல்லாம், விசாரணைப் படிவம் ஒன்றை வைத்து அதை முதலாளியின் மின்னஞ்சலுக்கு அனுப்பியதுதான். பார்க்க ஊடாடும் தளம் போலவே இருக்கும். பயணி வியாழக்கிழமை இரவு நிரப்புவார். வெள்ளி மதியம் யாராவது திறந்து பார்த்தால் உண்டு. அதற்குள் படுக்கை போய்விட்டிருக்கும். சார்ட் தாளில் இருக்கும்வரை தளத்தால் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது.

ரயில்வேயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஐஆர்சிடிசி தளம் 2002 ஆகஸ்ட் 3 அன்று டிக்கெட் விற்பனைக்குத் திறந்தது. முதலில் டிக்கெட் காகிதமாகவே அச்சாகி கூரியரில் வீட்டுக்கு வந்தது. வீட்டிலேயே அச்செடுக்கும் இ-டிக்கெட் 2005இல் வந்தது. ஆனால் அதற்கான அடித்தளம் 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு. அந்த வட்டாரக் கணினிகள் 1999இல் ஒன்றோடொன்று இணைந்தும்விட்டன. ரயிலின் சார்ட் ஏற்கெனவே கணினிக்குள் இருந்ததால் தளத்துக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வெட்டினால் போதுமாக இருந்தது. ஆம்னி பஸ்ஸில் இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் நாடெங்கும் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பொதுவான சார்ட் கிடையாது. ஜன்னல் வெட்டச் சுவரே இல்லை.

2006

பஸ் டிக்கெட்டை இணையத்தில் விற்கும் ரெட்பஸ் பெங்களூருவில் தொடங்கியது 2006 ஆகஸ்டில். நிறுவியவர்கள் பிட்ஸ் பிலானியில் படித்த ஃபணீந்திர சாமா, சரண் பத்மராஜு, சுதாகர் பசுபுனூரி. தீபாவளிக்கு ஹைதராபாத் போக சாமாவுக்கு டிக்கெட் கிடைக்காமல் போனதிலிருந்து யோசனை பிறந்தது என்பது பலமுறை வெளியான செய்தி. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. முதலில் அவர்கள் முதலாளிகளுக்கான மென்பொருளோடு போனார்கள், எடுபடவில்லை. பிறகு, “உங்கள் சீட்டை நாங்கள் விற்றுத் தருகிறோம்” என்று போனபோது கதவு திறந்தது. அதாவது உள்ளே நுழையும்போது அதுவும் இன்னொரு ஏஜென்ட்தான். கோட்டா வாங்கி விற்றது. சார்ட் இன்னும் மேஜை மேலேயே இருந்தது.

திருப்பம் அடுத்த கட்டத்தில் வந்தது. முதலாளிக்கான ‘பாஸ்’ என்ற மென்பொருளும், மற்ற ஏஜென்ட்டுகள் அதே படுக்கைகளை விற்கும் ‘சீட்செல்லர்’ வழியும் வந்த பிறகு, தலைமைக் கவுன்டர், தெருமுனை ஏஜென்ட், வீட்டிலிருக்கும் பயணி மூவரும் ஒரே சார்ட்டைப் பார்க்க முடிந்தது. முதலாளிக்கு விற்பனை வேண்டும் என்ற ஆசையே அவரைக் கணினிச் சார்ட்டுக்குக் கொண்டுவந்தது. முதல் முயற்சியில் மென்பொருளை மட்டும் காட்டியபோது அந்தத் தூண்டில் இல்லை. 2013இல் ஐபிபோ என்ற இணையக் கம்பெனி ரெட்பஸ்ஸை வாங்கியது. பின்னர் ஐபிபோவே பயணத் தளமான மேக்மைட்ரிப்போடு சேர்ந்தது.

ஒரு படுக்கையைத் தொடும்போது

பயணி திரையில் ஆறாம் வரிசை கீழ் ஒற்றைப் படுக்கையைத் தொடுகிறார். அதற்குப் பின் நடப்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் அடங்கியிருக்கிறது.

சார்ட்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் நான்கு நிலைகள் போதும்: காலி, நிறுத்திவைப்பு, விற்றது, முடக்கம். முடக்கம் என்பது முதலாளி தன் தேவைக்காக எடுத்து வைத்தது. பயணி பணம் கட்டப் போகும் நொடியில் காலி நிலை நிறுத்திவைப்பாக மாற வேண்டும். புதிதாக நிரல் எழுதுபவர்கள் இதை இரண்டு படியாகச் செய்வார்கள்: முதலில் காலியா என்று படி, காலி என்றால் நிறுத்திவை என்று எழுது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே 200 மில்லிநொடி இருந்தாலும் போதும், இன்னொருவரும் காலி என்றே படித்திருப்பார். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் இது வெளியே தெரியாது. பொங்கலுக்கு முன்பதிவு திறக்கும் காலையில் தெரியும்.

சரியான வழி, சார்ட்டைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்துக்கு ஒரே கட்டளை: “இந்தப் படுக்கை காலியாக இருந்தால், அல்லது பழைய நிறுத்தத்தின் கெடு தீர்ந்திருந்தால் மட்டும், நிறுத்திவைப்பாக மாற்று, எத்தனை பதிவு மாறியது என்று சொல்.” விடை 1 என்றால் படுக்கை உங்களுக்கு. 0 என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார். கெடு தீர்ந்ததா என்ற சோதனையைக் கட்டளைக்குள்ளேயே வைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடித் தீர்ந்த நிறுத்தங்களைத் துடைக்கும் துணை நிரலை மட்டும் நம்பினால், அது ஒருநாள் இரவு நின்றுபோய், காலி வண்டி முழுவதும் ‘விற்றுத் தீர்ந்தது’ போல் காட்டும். கடிகாரமும் தரவுத்தளத்தின் கடிகாரமாகவே இருக்க வேண்டும். நான்கு சர்வர்களில் நான்கு நேரம் ஓடினால் கெடுவுக்கு அர்த்தமில்லை.

குடும்பமாக நான்கு படுக்கை எடுத்தால் நான்கும் கிடைக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் வேண்டாம். ஆகவே நான்கையும் ஒரே பரிவர்த்தனைக்குள் பூட்ட வேண்டும். பூட்டும்போது எப்போதும் எண் வரிசைப்படி பூட்ட வேண்டும். ஒருவர் 5ஐப் பூட்டிவிட்டு 6க்கும், மற்றவர் 6ஐப் பூட்டிவிட்டு 5க்கும் காத்திருந்தால் இருவரும் அங்கேயே நிற்பார்கள். கடைசியில் தரவுத்தளம் ஒருவரை வெளியே தள்ளும்.

நிறுத்தக் கெடு எவ்வளவு? மூன்று நிமிடம் என்றால் பெயர், வயது நிரப்பி, ஓடிபி வந்து சேருவதற்குள் முடிந்துவிடும். இருபது நிமிடம் என்றால் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்களே பாதி வண்டியை அடைத்து வைப்பார்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் ஒத்துவரும். அதைவிட முக்கியம், பணம் கட்டும் பக்கத்தின் கெடு நிறுத்தக் கெடுவைவிடக் குறைவாக இருப்பது. படுக்கைக்கு 10 நிமிடம் என்றால் பணப் பக்கத்துக்கு 7. இரண்டும் சமமாக இருந்தால், கடைசி நொடியில் பணம் போய்ச் சேரும்போது படுக்கை வேறு கைக்குப் போயிருக்கும்.

பணம் கட்டிய செய்தி தளத்துக்கு இரண்டு வழியாக வரும். ஒன்று, பயணியின் உலாவி திரும்பி வருவது. மற்றது, பணச் சேவையின் சர்வர் தளத்தின் சர்வருக்கு நேராகச் சொல்வது. முதலாவதை நம்பக் கூடாது. பணம் கட்டியதும் பயணி திரையை மூடிவிடுவார், அல்லது சில்க் போர்டு மேம்பாலத்துக்கு அடியில் சிக்னல் போய்விடும். இரண்டாவதைக் கையொப்பம் சரிபார்த்து ஏற்க வேண்டும். அது இரண்டு மூன்று முறைகூட வரும். ஒவ்வொரு முறையும் புது டிக்கெட் அடிக்காமல், அதே முன்பதிவு எண்ணுக்கு அதே டிக்கெட்டைத் திருப்பித் தரும்படி எழுத வேண்டும். எதுவுமே வராவிட்டால் 2, 5, 15ஆவது நிமிடங்களில் தளமே போய்க் கேட்க வேண்டும். கெடு தாண்டி வந்த பணத்துக்கு, படுக்கை இன்னும் காலியாக இருந்தால் டிக்கெட். இல்லாவிட்டால் உடனே பணம் திரும்ப.

பயணிக்கு இந்த இடத்தில்தான் கோபம் வரும்: காசு போச்சு, டிக்கெட் வரல. அட்டையை நேரில் காட்டாமல் செய்யும் பணப் பரிமாற்றத்துக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. பாதுகாப்பு கூடியது, நடுவே அறுந்துபோகும் இடங்களும் கூடின. 2016இல் யுபிஐ வந்து வழியைச் சுருக்கியது. கடையின் கணினிக்கு உறுதிச் செய்தி போகாமல் பணம் மட்டும் கழிந்திருந்தால், பரிமாற்ற நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்தது. கவுன்டர் ஊழியருக்கு இந்த ஐந்து நாள் கணக்கு வாயில் இருக்க வேண்டும். “வந்துடும் சார்” என்பது பதிலாகாது.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல் படுக்கைப் படத்தை மட்டும் புதுப்பிக்கும் முறைக்கு 2005இல் ஏஜாக்ஸ் என்று பெயர் கிடைத்தது. அதே ஆண்டு வந்த கூகுள் மேப்ஸ் அந்த வசதியைக் கோடிக்கணக்கானோருக்குப் பழக்கிவிட்டது. சிவப்பு, பச்சைக் கட்டங்கள் கண் முன்னே மாறும்போது பயணி சார்ட்டையே நேரில் பார்ப்பதாக நம்புகிறார். முழுக்க அப்படி இல்லை. பண்டிகைக் காலச் சுமையில் பெரும்பகுதி தேடல்தான், வாங்குபவர் கொஞ்சம். எனவே பட்டியல் பக்கத்தில் ‘12 இடங்கள்’ என்று காட்டும் எண் இரண்டு நிமிடம் பழையதாக இருக்கலாம். அதைச் சேமித்து வைத்துக் காட்டுவதில் தப்பில்லை. நிறுத்திவைக்கும் கட்டளையை மட்டும் ஒருபோதும் சேமிப்பிலிருந்து நடத்தக் கூடாது.

எங்கே இடறுகிறது

பெரிய இடறல் கணினியில் நடப்பதில்லை. முதலாளி 20 படுக்கையைத் தளத்துக்குக் கொடுத்துவிட்டு 16ஐத் தாளில் வைத்துக்கொள்வார். ‘ஒரு பாதுகாப்புக்கு’ என்பார். பதினாறும் விற்று முடிந்த பிறகு தெரிந்தவர் ஒருவர் வந்து கேட்க, காலியாகத் தெரியும் தளத்துக் கட்டம் ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கலாசிபாளையத்தில் ஏறியவர் போர்வையை இழுத்துப் படுத்துவிடுவார். பணம் கட்டிய பயணி எலெக்ட்ரானிக் சிட்டியில் ஃபோனைக் காட்டிக்கொண்டு கீழே நிற்பார். ₹1,200 டிக்கெட் என்றால் நட்டம் ₹1,200 என்று நினைக்க வேண்டாம். திருப்பித் தரும் கட்டணம், அந்த நேரத்தில் வேறு வண்டியில் ஏற்றிவிட ஆகும் கூடுதல் விலை, அன்றிரவே அவர் போடும் ஒற்றை நட்சத்திரம் எல்லாம் சேரும்.

வண்டி மாற்றம் அடுத்தது. 36 படுக்கை வண்டி ரிப்பேர் ஆகி, 30 படுக்கை வண்டி வந்து நிற்கும். படுக்கை எண்கள் பொருந்தாது. தளம் தன்னிச்சையாக எண்ணை ஒட்டவைத்தால் கீழ்ப் படுக்கை எடுத்த வயதானவர் மேலே போவார். குடும்பங்களையும் தனியாக வரும் பெண்களையும் முதலில் அமர்த்தி, பிறகு தனி ஆட்களை நகர்த்தி, மிஞ்சும் ஆறு பேருக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் ஃபோனில் சொல்லிவிட வேண்டும். குறுஞ்செய்தி மட்டும் போதாது.

பெண்கள் படுக்கை விதி எளிது போலத் தோன்றும்: இரட்டைப் படுக்கையில் ஒருவர் பெண் என்றால் பக்கத்து இடம் பெண்ணுக்கே. சேர்ந்து பதிவு செய்த கணவன், மனைவிக்கு இது பொருந்தாது. சிக்கல், கணவர் மட்டும் டிக்கெட்டை ரத்து செய்யும்போது வரும். அந்த இடம் அந்த நொடியிலிருந்து பெண்களுக்கு மட்டும் என்று மாற வேண்டும். ரத்துக்கு எழுதிய நிரல், நிலையைக் காலி என்று மட்டும் மாற்றிவிட்டால் நள்ளிரவில் சண்டைதான்.

தேதி இன்னொரு கண்ணி. வெள்ளி இரவு 11.30க்குக் கிளம்பும் வண்டி அத்திப்பள்ளியைத் தொடும்போது 12.40 ஆகிவிடும், காலண்டர்படி அது சனிக்கிழமை. ‘சனி 12.40’ என்று டிக்கெட்டில் அச்சிட்டால் பயணி சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார், சரியாக இருபத்துநான்கு மணி நேரம் தாமதமாக. ‘வெள்ளி நள்ளிரவு 12.40, விடிந்தால் சனி’ என்று எழுதுவதுதான் தீர்வு. அழகாக இருக்காது, ஆனால் ஆள் வந்து சேருவார்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பல படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டிலும் குறைந்தது இரண்டு எழுத்து கேட்கும். முன்னெழுத்து மட்டும் வைத்திருக்கும் தமிழருக்குக் கடைசிப் பெயர் ‘எஸ்’தான். அதைப் படிவம் ஏற்காது. அவர் அப்பாவின் பெயரை முழுதாகப் போடுவார். அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கும். ஒரே கட்டம், ‘அடையாள அட்டையில் உள்ளபடி பெயர்’ என்று கேட்டால் போதும். ஏறும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். ‘மடிவாளா’ என்று மட்டும் போட்டால் ஒருவர் ஐயப்பன் கோயில் பக்கமும், இன்னொருவர் போலீஸ் நிலையம் பக்கமும் நிற்பார்கள். நடுவில் வண்டி போய்விடும்.

காசு போகும் வழி மாறியது

கோட்டா முறையில் ஏஜென்ட் ரொக்கம் வாங்கி, வாரக் கணக்கில் கமிஷன் கழித்து முதலாளிக்குக் கொடுப்பார், நிலுவை நிற்கும். தளம் வந்த பிறகு பணம் தளத்திடம் போய், பயணம் முடிந்ததும் கமிஷன் போக வங்கியில் விழுகிறது. ஏஜென்ட்டிடம் நடையாய் நடந்து வசூலிக்கும் வேலை ஒழிந்தது. டீசலுக்கு அன்றைய ரொக்கம் கையில் இல்லாததும் அதனோடே வந்தது. இரண்டு வண்டி முதலாளிக்கு முதல் சில மாதம் இது கடினம்.

விலையும் உடைந்தது. தாளில் 36க்கும் ஒரே கட்டணம். ஏஜென்ட்டுக்கு ஞாபகம் வைக்க அதுதான் முடியும். கணினிச் சார்ட்டில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு விலை வைக்கலாம். கீழ் ஒற்றை முதலில் போகும், கடைசி வரிசை மேல் படுக்கை கடைசிவரை நிற்கும். முன்னதை ₹1,400க்கும் பின்னதை ₹900க்கும் வைத்தால் இரண்டும் விற்கும். பண்டிகைக்கு இதே வசதி எப்படிப் பயன்பட்டது என்பது ஊர் அறிந்த விஷயம். ஆண்டுதோறும் அதிகக் கட்டணப் புகார்கள் எழுவதும், போக்குவரத்து அதிகாரிகள் சோதனைக்கு இறங்குவதும் அதன் மறுபக்கம்.

கமிஷன் 10% என்று வைத்துக்கொண்டால், 30 படுக்கை தளம் வழியாகப் போனால் ₹1,200 வீதம் ஒரு நடைக்கு ₹3,600. சொந்தத் தளம் போட்டால் பணச் சேவைக் கட்டணம் 2% என்றாலும் ₹720தான். கணக்கு கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பயணி தேடுவது ‘பெங்களூரு, திருநெல்வேலி’ என்ற ஊர்களை, கம்பெனியின் பெயரை இல்லை. சொந்தத் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே உங்கள் வண்டியில் போனவர். அவருக்காக அதை வைத்துக்கொள்ளலாம்; புது ஆளைக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்துச் செலவழிக்க வேண்டாம். பெயர் பரிச்சயமான அரசுக் கழகங்களின் கதை வேறு. கர்நாடகத்தின் ‘அவதார்’ முன்பதிவும், தமிழ்நாட்டு அரசு விரைவுப் போக்குவரத்தின் தளமும் தங்கள் சொந்தச் சார்ட்டின் மேலேயே நிற்கின்றன.

வரியிலும் தளம் ஒரு தரப்பாகிவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் ஆம்னி பஸ் டிக்கெட்டின் ஜிஎஸ்டியைத் தளமே கட்ட வேண்டும் என்றாயிற்று. 2023 அக்டோபர் 20 முதல், நடத்துபவர் கம்பெனியாகப் பதிவானவர் என்றால் அவரே கட்டுவது என்று பிரித்தார்கள். ஆகவே சார்ட் மென்பொருளில் முதலாளி தனி ஆளா, கூட்டாண்மையா, கம்பெனியா என்ற ஒரு கட்டமும் சேர்ந்தது. அதைத் தப்பாக நிரப்பினால் ஒரே டிக்கெட்டுக்கு இருவர் வரி கட்டுவார்கள், அல்லது ஒருவரும் கட்ட மாட்டார்கள்.

ஏஜென்ட்டுகள் ஒழிந்துவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இன்றும் கவுன்டர்கள் இருக்கின்றன. கட்டட வேலைக்கு வந்தவர், ஃபோனில் பணம் கட்டப் பழகாத பெரியவர், பத்து பேர் கல்யாணக் கூட்டம் ஆகியோருக்கு அவர்கள் வேண்டும். ஆனால் முன்போல, “அந்த வண்டியில இடம் இல்ல, இதுல போங்க” என்று சொல்ல முடியாது. பயணியின் மகன் ஊரிலிருந்தே பார்த்துவிட்டு, “பதினாலு காலியா இருக்குப்பா” என்பான்.

சிறு முதலாளி தொடங்குவது எப்படி

தளம் கட்டித் தருகிறேன் என்று வருபவர் முதலில் முகப்புப் படத்தைக் காட்டுவார். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். முதல் மாதம் தாளை நிறுத்தி, தலைமைக் கவுன்டர் மட்டும் கணினிச் சார்ட்டில் எழுதட்டும். வெளியே யாருக்கும் திறக்க வேண்டாம். ரத்து, வண்டி மாற்றம், பெண்கள் இடம் மூன்றையும் இந்த மாதத்திலேயே நிஜமாகச் செய்து பழக வேண்டும். இரண்டாம் மாதம் நெருங்கிய இரண்டு ஏஜென்ட்டுகளுக்குத் திறந்து, கோட்டாவை எடுத்துவிடலாம். அவர்கள் முணுமுணுப்பார்கள்; எல்லாப் படுக்கையும் தெரிகிறது என்று கண்டதும் அடங்கும். அதன் பிறகே பொதுத் தளங்களுக்கு 36ஐயும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தினமும் இரவு 11 மணிக்கு வங்கிக்கு வந்த பணம், தளத்தின் டிக்கெட், சார்ட்டில் விற்றது என மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு வாரம் விட்டால் ஒரு நாள் வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் ஓர் ஓட்டை மிஞ்சும். கிளம்பும் முன் 8.30க்கு, யாருக்கு எந்தப் படுக்கை என்று காட்டும் டிரிப் ஷீட்டை அச்செடுத்து வண்டியில் கொடுப்பார்கள். பெங்களூருவின் கடைசி ஏறுமிடம் அத்திப்பள்ளி. தளம் அதுவரை விற்றுக்கொண்டிருக்கும். 9.10க்கு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர் இரண்டு படுக்கை வாங்குவார். தாளில் அந்தக் கட்டங்கள் வெள்ளையாகவே இருக்கும். பொம்மனஹள்ளியில் கை காட்டிய இருவரைக் கிளீனர் அங்கே படுக்க வைத்துவிடுவார். இதற்குக் கண்டக்டரின் ஃபோனில் உயிரோடு இருக்கும் சார்ட் வேண்டும். வழியில் ஏற்றும் ஆளையும் அதிலேயே பதிந்து, அதன் பிறகே படுக்கையைக் காட்ட வேண்டும். ஃபோன் சார்ஜ் போய்விட்டால், அத்திப்பள்ளி தாண்டும்வரை வழியில் யாரையும் ஏற்றக் கூடாது என்று டிரிப் ஷீட்டின் தலைப்பிலேயே அச்சடித்துக் கொடுக்கலாம்.